வெறும் டீச்சர் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பியானோத் தேர்வுகளில் கடைசிப் படியான கிரேட் எட்டு முடித்துவிட்டாள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் வெளிநாடு போய் பியானோவே படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மேடை ஏறுபவர் ஆயிரத்தில் ஒருவர், மற்றவர் எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் வெறும் டீச்சர்தான் என்கிறார் என் அண்ணன். வீணை கற்றுக்கொடுத்திருக்கலாமே என்று கோயிலில் கேட்கிறார்கள். அனுப்பலாமா? வீட்டிலுள்ள பழைய பியானோவை மாற்ற வேண்டுமா?

ச., செந்தூல்

அன்புள்ள ச.,

பியானோவை மாற்ற வேண்டாம், டியூன் பண்ணுகிறவரை ஒழுங்காகக் கூப்பிடுங்கள். வீணை பற்றிக் கேட்டவர்கள் வீட்டில் யார் வீணை வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். போதும்.

‘வெறும் டீச்சர்.’ அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கை உங்களுடையதுதானே அம்மா?

பியானோ மேதை ஷோப்பான் வாழ்நாளில் பொதுமேடையில் வாசித்தது சுமார் 30 தடவை. பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தியாகையரின் சீடர் வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நமக்கு இது புரியாதா? அங்கேயும் அப்படியொரு வரிசை உண்டு. பீத்தோவனிடம் படித்தவர் செர்னி, செர்னியிடம் லெஷெடிட்ஸ்கி, அவரிடம் ஷ்னாபெல், ஷ்னாபெலிடம் அமெரிக்கச் சிறுவன் லியோன் ஃப்ளைஷர். இந்த ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில், புகழின் உச்சியில், வலக்கையின் இரண்டு விரல்கள் சுருண்டுகொண்டன. இடக்கைக்கென்றே எழுதப்பட்டவற்றை வாசித்தார், பால்டிமோரில் பீபாடி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையாலும் மேடைக்குத் திரும்ப முப்பது வருடம் ஆனது. அதுவரை அவர் வெறும் டீச்சரா?

எனக்குப் பதின்மூன்று வயதில் ஐந்தாம் கிரேட்டில் டிஸ்டிங்ஷன். அம்மா தெருவெல்லாம் சொன்னார். அப்போதைய என் ஆசிரியர் வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று உருப்படிகளை மட்டும் அரைத்துக் கொடுப்பார். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசை வாரியத்தின் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், தேற 100. முன்பின் பார்க்காத இசைத்தாளை வாசிப்பதற்கு 21தான். அது வராமலே நான் தப்பித்துவிட்டேன்.

பிறகு பினாங்கில் புலாவ் திக்குஸில் ஒரு சீன ஆன்ட்டியிடம் போனேன். ஈரம் ஏறாமலிருக்க அவர் பியானோவுக்குள் ஒரு பல்பு எந்நேரமும் எரியும். பெடல் இடுக்கு வழியே மஞ்சள் வெளிச்சம் என் காலில் விழும். என் சான்றிதழைத் திறக்கவில்லை அவர். ஆறு வயதுப் பிள்ளைக்கான தாள் ஒன்றை எடுத்து வைத்தார். என்னால் நான்கு வரி தாண்ட முடியவில்லை. தப்பை மறைக்கப் பெடலை அழுத்தினேன். “காலை எடு” என்றார். மூன்று மாதம் இடக்கை மட்டும். அழுதிருக்கிறேன். டிஸ்டிங்ஷன்காரன் ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்’ மாதிரி வாசிப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுச் சிரிப்பாளே என்று வேறு பயம். நான் மேடைக்காரன் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தத் தாளைக் கொடுத்தாலும் தட்டுத்தடுமாறியாவது வாசிப்பேன்.

உங்கள் மகள் முன்னால் அவள் இதுவரை காணாத தாள் ஒன்றை வையுங்கள். எப்படி வாசிக்கிறாள் என்று எழுதுங்கள், வெளிநாட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள், அண்ணன், கோயில், பழைய பியானோ எல்லாம் இருக்கிறது. கிரேட் எட்டு வரை அவளைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர் யாரென்று ஒரு வரி இல்லை.