பிரியர் வேடத்தில் புரோக்கர்: பழைய பைக் கேள்வி–பதில்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘1993 மாடல், ஜப்பான் இன்ஜின், ஒரு ஸ்குரு கூடக் கழற்றாதது’ என்று சொல்லி 1,60,000 ரூபாய் கேட்கிறார். 10,000 ரூபாய் டோக்கன் போட்டால் எடுத்துவைப்பாராம். தானும் நம்மைப் போல ஆர்வலர்தான் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

டோக்கன் போடும் முன் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். ‘பார்ட்டி பெயரில்தான் இருக்கு, ஃபார்ம் எல்லாம் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்’ என்று பதில் வந்தால், பேசுவது பெரும்பாலும் வியாபாரிதான். லாபம் வைத்து விற்பதில் தப்பில்லை. ஆனால் ஆர்வலர் என்று சொல்லிக்கொண்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதுதான் இங்கே கணக்கு.

‘ஜப்பான் இன்ஜின்’ என்பதைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இன் ஆரம்ப வண்டிகள்தாம் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிச் செய்தவை. பிறகு படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறிவிட்டார்கள். 1993 வண்டிக்கு அந்தப் பெயரில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நேரில் போகும்போது ஒரு வெள்ளைத்தாள், பென்சில், வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கம்பெனி அடித்தது என்றால் எல்லா எழுத்தும் ஒரே ஆழம், ஒரே வரிசை. அரம் போட்டு ராவிவிட்டு மறுபடி பஞ்ச் செய்திருந்தால் ஒரு எழுத்து தூக்கலாகவும் அடுத்தது சாய்ந்தும் விழும். சுற்றிலும் ராவிய கோடுகள் தாளில் தெரியும். பெயின்ட் தடிப்பாக இருந்து எழுத்தே சரியாக விழவில்லை என்றால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. இன்ஜின் நம்பருக்கும் இதையே செய்து, இரண்டையும் ஆர்.சி.யோடும் பரிவாகன் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) விவரத்தோடும் ஒப்பிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கையில் இழுவை அபாரமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடி) திறக்கச் சொல்லுங்கள். ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ.; தேய்ந்ததைக் குடைந்து ரீபோர் ஆகியிருந்தால் 50.25, 50.50 என்று போய் 51 வரை வரலாம். வெர்னியர் 58 காட்டினால் உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 135. ஆர்.சி.யில் 98 சி.சி. என்று இருக்க, வண்டியில் 132 சி.சி. ஓடும். பெயர் மாற்றத்திலும் விபத்து இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

ஹெட்டைத் திறக்கச் சம்மதிக்காவிட்டால் சைலன்சர் கழுத்தையாவது கழற்றி, டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கீறல் ஓடியிருந்தால் ஒருமுறையாவது பிஸ்டன் பிடித்த வண்டி அது. அதற்கு அடிக்கடி காரணமாவது இடதுபக்கம், மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்). அது கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ப் பெட்ரோலும் ஆயிலும் குறைவாகச் சேரும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். சூடான பிறகு ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறி, பிறகு இறங்காமலே இருந்தால் இந்த சீலைச் சந்தேகியுங்கள். வலதுபக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். புகை நிற்காது, கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். ‘டூ ஸ்ட்ரோக்னா புகைதானே சார்’ என்று சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துவிட்டு கியர் ஆயில் அளவைப் பாருங்கள்.

பெட்ரோலோடு ஆயிலைத் தானாகச் சேர்க்கும் ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு ‘பெட்ரோல்லயே கலந்துக்குங்க’ என்றால், ‘ஒரு ஸ்குரு கூடக் கழற்றாதது’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

என் அப்பாவின் பைக்கை ‘பொக்கிஷமா வெச்சுக்குவேன்’ என்ற இளைஞருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு விலைக்கு விளம்பரம். இப்போது எனக்கு அபராத நோட்டீஸ் வருகிறது.
– வாசகி, திருச்சி

விலை போனது போனதுதான், அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை. அவசரமாகப் பார்க்க வேண்டியது பெயர் மாற்றம். படிவம் 29, 30-இல் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். வியாபாரிக்கு வேண்டியதும் அதுவே: தன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாமல் மூன்றாமவருக்கு நேராகத் தள்ளிவிடலாம். பெயர் மாறும்வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நாள் தாண்டியிருந்தாலும் இப்போதே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விற்ற தேதி, நேரம், வாங்கியவர் பெயர், பணம் வந்த வங்கி விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதில் இருக்கட்டும். காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்து அதை இணையத்தில் பதிந்துவிட்டால், அன்று முதல் பொறுப்பு அவருடையது. பிரியர் வேடம் போடுவதற்கு இதிலிருந்து தப்பிப்பதும் ஒரு காரணம்.

குழுவில் கூட்டாக ஆர்டர் போட்டு ‘பாக்கெட் பிரிக்காத ஒரிஜினல்’ பிஸ்டன் செட் வாங்கினோம். 400 கிலோமீட்டரில் ரிங் உடைந்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஈரோடு

டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் காடிக்குள் ஒரு சின்ன பின் இருக்கும். ரிங் சுற்றாமல் பிடித்துவைப்பது அதுதான். போலி பிஸ்டனில் அந்தப் பின் இறுக்கமாக இருக்காது. கழன்றால் ரிங் சுற்றும், முனை போர்ட்டில் (சிலிண்டர் சுவரிலுள்ள துளை) மாட்டி ஒடியும், கூடவே சிலிண்டர் பிளாக்கும் கீறிப்போகும். பூட்டும் முன் பின்னை ஊசிமுனையால் அசைத்துப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. ரிங்கை மட்டும் பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளக்க வேண்டும். 0.15-இலிருந்து 0.35 மி.மீ.க்குள் இருந்தால் சரி. பாக்கெட்டையும் ஸ்டிக்கரையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஆர்எக்ஸுக்கு ‘விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன்’ செய்து தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகர், கோவை

கொடுக்காதீர்கள். 2021-இல் வந்த அந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். பதிவுக் கட்டணமே 20,000 ரூபாய்; பதிந்த பிறகு தினசரி ஓட்டவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது படிவம் 25 போட்டு 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சாதாரண ஆர்.சி. புதுப்பிப்பு. முதல் ஆர்எக்ஸ் 100-க்கே 2035 கடைசி வரை விண்டேஜ் பேச்சு கிடையாது.