இஸ்ஸே மியாக்கே: கேட்டவையும் என் பதில்களும்

ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கேயைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மடிப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கே: அவர் தையல் படித்தவரா?

முதலில் இல்லை. 1938ல் ஹிரோஷிமாவில் பிறந்து, டோக்கியோவில் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்தார். 1965ல் பாரிஸ் போய்த்தான் முறையாக உடைத்தொழில் கற்றார். அங்கே பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர்கள் கீ லரோஷிடமும் ஜிவான்ஷியிடமும் உதவியாளராக இருந்தார். 1968 மாணவர் போராட்டம் கண்ணெதிரே நடந்தது. வசதியுள்ள சிலருக்காக மட்டும் உடை செய்வதில் அவருக்கு மனம் ஒட்டாமல் போனது அங்கேதான். ஜீன்ஸ், டி-ஷர்ட் போல எல்லாரும் போடும் உடை வேண்டும் என்று நினைத்தார். 1970ல் டோக்கியோவில் சொந்த ஸ்டூடியோ, 1973ல் பாரிஸ் ஃபேஷன் மேடை.

கே: தையற்கடை வைத்திருக்கிறேன். அவருடைய 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' மடிப்பு துவைத்தாலும் கலையாதாமே? காட்டனில் வருமா?

கலையாது. வழக்கமாகத் துணிக்கு மடிப்பு வைத்த பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். மியாக்கே அதைத் தலைகீழாக்கினார். வேண்டிய அளவைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக உடையை முதலில் தைத்துவிடுவார்கள். அப்புறம் அதை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து மடிப்பு மெஷினுக்குள் விடுவார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் சுருங்கி ஆள் அளவுக்கு வெளியே வரும். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தோள் தையலையும் தாண்டி மடிப்பு ஓடுகிறது. சுருட்டிப் பைக்குள் திணித்து, எடுத்து உதறினால் கசங்கலே இல்லை. எவ்வளவு அழகு!

துணி பாலியஸ்டர். சூட்டில் இளகி, ஆறும்போது அதே வடிவத்தில் இறுகும். காட்டனுக்கு அந்தக் குணம் கிடையாது. காட்டன் புடவைக் கொசுவத்தை எத்தனை முறை அயர்ன் செய்தாலும் தண்ணீர் பட்டால் போச்சு, இல்லையா? பாலியஸ்டர் அதிகம் கலந்த துணியில் முயன்று பாருங்கள்.

1991ல் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃப்ராங்க்ஃபர்ட் நடனக்குழுவுக்கு மடிப்பு உடைகள் செய்தார். 1993ல் அந்த மடிப்பு உடை 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற தனி பிராண்டு ஆனது.

கே: ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்புச் சட்டை இவர் செய்ததா?

ஆமாம், கழுத்து மூடிய அந்தச் சட்டைதான். சோனி ஊழியர்களுக்கு மியாக்கே செய்த சீருடையைப் பார்த்துத்தான் ஜாப்ஸ் அவரைத் தேடிப் போனார்.

கே: அணுகுண்டு அனுபவத்தை ஏன் பேசாமல் இருந்தார்?

குண்டு விழுந்தபோது வயது ஏழு. கதிர்வீச்சின் பாதிப்பால் மூன்று ஆண்டுக்குள் தாய் இறந்தார். 'அணுகுண்டில் தப்பிய டிசைனர்' என்ற முத்திரை வேண்டாம் என்றே அவர் வாய் திறக்கவில்லை. 2009ல், ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு எழுதியபோதுதான் அதைச் சொன்னார். அழிப்பதை அல்ல, ஆக்குவதையே நினைக்க விரும்பியவர் அவர். அவர்மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இதற்காகத்தான். 2022 ஆகஸ்டில், 84 வயதில் காலமானார்.

கே: 'ஏ-பாக்' என்றால்?

'ஒரே துண்டுத் துணி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1998ல் டாய் ஃபுஜிவாரா என்ற டிசைனரோடு தொடங்கினார். கம்ப்யூட்டர் சொல்வதுபோல மெஷின் குழாய் வடிவில் துணியைப் பின்னும்; உடையின் கோடுகள் அதிலேயே இருக்கும். கத்தரிக்கோலால் கோட்டோடு வெட்டினால் உடை தயார், தையல் வேண்டாம். கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது.