கூட்ஸ் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுவரும், அங்கிருந்து ஏற்றிச் செல்லும் ரயில்களைப் பார்ப்பது, படம் எடுப்பது பற்றி மதுரை, விருதுநகர், திண்டுக்கல் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறேன். ஆலைக்குள் சைடிங் (சரக்கு ஏற்றி இறக்கும் கிளைத் தண்டவாளம்) உண்டு, தினமும் ரேக் (ஒன்றாகக் கோத்த வேகன் தொடர்) வருகிறது. ஷிஃப்ட் முடிந்து போகும்போது போனில் நாலு படம் எடுத்தால் என்ன தப்பு? – விருதுநகர் வாசகர்

பதில்: ஆலைக்குள் இருக்கும் சைடிங் ஆலையின் இடம். அங்கே உங்கள் அடையாள அட்டை வேலை பார்க்கத்தான் அனுமதி, படம் எடுக்க அல்ல. நிர்வாகத்துக்கு வேகன் படத்தில் பெரிய ஆட்சேபம் இருக்காது. பின்னணியில் தெரியும் பேக்கிங் பிளான்ட், லோடுமேன்கள், டிஸ்பாட்ச் பலகையில் எழுதியிருக்கும் கணக்கு இவைதான் அவர்களுக்கு உறுத்தும். ஆகவே எழுதிக் கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடத்தில் நிற்பீர்கள், படத்தை எங்கே போடுவீர்கள். வெளியே போடும் முன் காட்டிவிடுகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணெய் டேங்கர் ரேக் இறக்கும் டிப்போவாக இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம், அங்கே போனை வெளியில் எடுப்பதே தவறு.

அனுமதி கிடைத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். நிற்கிற ரேக் நிற்கிற ரேக் அல்ல. அந்தக் கோடியில் என்ஜின் லேசாக இழுத்தால், வேகன்களை இணைக்கும் கப்ளர்களில் இருக்கும் தொய்வு ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே வந்து, நீங்கள் நிற்கும் வேகன் திடீரென்று ஒரு உலுக்கு உலுக்கி நகரும். முன்கூட்டிச் சத்தம் வரும் என்று நம்பக் கூடாது. வேகனுக்கு அடியில் குனிந்து போவதும், இரண்டு வேகனுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் போவதும் அனுபவசாலிகளே அடிபடும் இடம்.

ஆலைக்கு வெளியே, ரயில்வே நிலத்தில், அத்துமீறி நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு இருக்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: திருமங்கலம் ஸ்டேஷனில் எப்போது போனாலும் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ்தான் வருகிறது. கூட்ஸுக்கு நேரம் தெரிந்துகொள்ள வழி இல்லையா? – திருமங்கலம் கல்லூரி மாணவி

பதில்: பயணி வண்டிக்கு இருப்பது போல அச்சிட்ட அட்டவணை கூட்ஸுக்கு இல்லை. ரேக் காலியாகி, சரக்கு ஏறி, என்ஜினும் ஆட்களும் கிடைத்து, பாதையும் கிடைத்தால் கிளம்பும். ஆனால் எப்போது வராது என்பதைச் சொல்லிவிடலாம். விடியற்காலையில் சென்னையிலிருந்து தெற்கே வரும் எக்ஸ்பிரஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் நேரத்தில் அந்தப் பாதையில் கூட்ஸ் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் லூப்பில், அதாவது மெயின் லைனுக்குப் பக்கத்தில் வண்டி ஒதுங்கும் பாதையில், நின்றிருக்கும். போனில் பயணி வண்டிகளின் ஓட்டத்தைப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு வண்டிக்கு நடுவே நீண்ட இடைவெளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்ஸ் அந்த இடைவெளியில்தான் வரும்.

லூப்பில் நிற்கும் கூட்ஸ் படம் எடுப்பவருக்குப் பெரிய வரம். பிளாட்பாரத்தில் நின்றபடி நிதானமாக ஒவ்வொரு வேகனாகப் பார்க்கலாம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். தோளில் தொங்கும் கேமரா யாரையும் உறுத்தாது, ட்ரைபாட் விரித்தால் கேள்வி வரும்.

லெவல் கிராசிங்கில் நிற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் இருக்கும் ஹோம் சிக்னலில் மஞ்சள் விளக்கோடு அதன் மேல் சாய்வாக வெள்ளை விளக்குகள் வரிசையாக எரிந்தால், வரும் வண்டி மெயின் லைனில் போகாமல் லூப்புக்குத் திரும்புகிறது. மெதுவாகத்தான் வரும். அவசரப்படாமல் எடுக்கலாம்.

கேள்வி: என்ஜினை அடையாளம் காணத் தெரியும். வேகன்கள் எல்லாம் ஒரே பழுப்பு நிறப் பெட்டியாகத் தெரிகின்றன. வித்தியாசம் என்ன? – திண்டுக்கல் வாசகர்

பதில்: என்ஜின் கடந்ததும் கேமராவை மூடிவிடுகிறவர்கள் வண்டியின் பெரும்பகுதியைப் பார்ப்பதே இல்லை. ஆலை என்ன வாங்குகிறது, என்ன விற்கிறது என்பது வேகனில்தான் எழுதியிருக்கிறது.

கூரையும் பக்கவாட்டுக் கதவும் உள்ள மூடிய வேகன் பிசிஎன் வகை. மூட்டை சிமென்ட், உரம், அரிசி, நனையக் கூடாத எல்லாம் இதில் போகும். பழைய பிசிஎன் ரேக்கில் 42 வேகன். அதிகச் சுமை தாங்கும் புது வகையான பிசிஎன்எச்எல் என்றால் 58. கூரையில்லாத, உயரமான சுவர் உள்ள திறந்த வேகன் பாக்ஸ்என்: நிலக்கரி, ஜிப்சம், சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டி. இதிலும் ஒரு ரேக்குக்கு 58 அல்லது 59. அடிப்பகுதி புனல் போலக் குறுகி, கீழே கதவு திறந்து கொட்டுவது பாப்ஆர் வகை, அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுபோக உகந்தது. உருளை டேங்கர் பிடிபிஎன், பெட்ரோலியத்துக்கு. கன்டெய்னர் ஏற்றும் தட்டை வேகன் பிஎல்சி, 45 கொண்ட ரேக்.

நம் பக்கத்தில் விட்டுவிடக் கூடாதது என்எம்ஜி ரேக். பயணிகளுக்கு ஓடி ஓய்ந்த பழைய ஐசிஎஃப் (சென்னை பெட்டித் தொழிற்சாலை வகை) பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கோடியில் கதவு வைத்து, வாகனம் ஏற்ற மாற்றியமைத்தவை. வாடிப்பட்டியிலிருந்து டிராக்டர்கள் இப்படித்தான் வட மாநிலங்களுக்குப் போகின்றன. சாய்தளம் வைத்து, ஒரு கோடியிலிருந்து பெட்டி பெட்டியாக உள்ளே ஓட்டிக்கொண்டே போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பாசஞ்சர் வண்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டு போகிறது என்று தோன்றும்.

காலியா லோடா என்பதற்கு பாக்ஸ்என்னில் மேலே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, எட்டிப் பார்க்கவும் கூடாது, மேலே 25,000 வோல்ட் கம்பி. சக்கரங்களுக்கு நடுவே உள்ள சுருள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருள்களுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் காலி. ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்திருந்தால் லோடு. மூடிய வேகனில் கதவுத் தாழ்ப்பாளில் கம்பி கோத்து சீல் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். படத்தில் இந்த இரண்டும் விழுந்தால் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கும் வண்டி எந்த நிலையில் போனது என்று புரியும்.

கேள்வி: வேகன் பக்கவாட்டில் இருக்கும் 11 இலக்க எண்ணில் ஏதாவது அர்த்தம் உண்டா? – சாத்தூர் கணக்கு ஆசிரியர்

பதில்: உங்களுக்குப் பிடித்த விஷயம்தான். முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை: 10 முதல் 29 வரை திறந்தவை, 30கள் மூடியவை, 40 முதல் 54 வரை டேங்கர், 55 முதல் 69 வரை தட்டை, 70கள் புனல் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, தெற்கு ரயில்வேக்கு 06. அதற்கடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

மாதிரிக்கு 31 06 12 1234 என்று எடுத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் (2, 4, 6, 8, 10) உள்ளவை 1, 6, 2, 2, 4. கூட்டினால் 15, மூன்றால் பெருக்கினால் 45. ஒற்றை இடங்களில் உள்ளவை 3, 0, 1, 1, 3, கூட்டு 8. இரண்டும் சேர்ந்து 53. அடுத்த பத்தின் மடங்கு 60. வித்தியாசம் 7, அதுதான் பதினோராவது இலக்கம். ஓடும் வண்டியில் எடுத்த மங்கலான படத்தில் ஓர் இலக்கம் 3ஆ 8ஆ என்று குழம்பினால் இந்தக் கணக்கு தீர்த்துவைக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் தேதிகள் பெரிய பழுதுபார்ப்பு எப்போது, எந்தப் பணிமனையில் நடந்தது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பவை. பணிமனைப் பெயரையும் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: மெயின் லைனில் மின்சார என்ஜின் இழுத்து வந்த வண்டியை ஆலைக்குள் டீசல் என்ஜின் தள்ளுகிறதே, ஏன்? – ராஜபாளையம் வாசகர்

பதில்: சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் தலைக்கு மேல் கம்பி ஓட முடியாது. கன்வேயர், பொக்லைன், வேகன் மேல் ஏறும் ஆட்கள் எல்லாரும் அங்கேதான். எனவே கம்பி முன்னதாகவே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு டீசல் வரவேண்டும், அல்லது மின்சார என்ஜின் கம்பிக்கு அடியிலேயே நின்றுகொண்டு ரேக்கைப் பின்னாலிருந்து உள்ளே தள்ள வேண்டும். என்ஜின் எழுத்திலேயே விவரம் இருக்கிறது: டபிள்யூஏஜி-9இல் டபிள்யூ அகலப்பாதை, ஏ ஏசி மின்சாரம், ஜி சரக்கு. ஏ இருக்கும் இடத்தில் டி வந்தால் டீசல்.

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் நல்ல இடம், நல்ல நேரம் சொல்லுங்கள். – செல்லூர் வாசகர்

பதில்: உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வைகைப் பாலம். மதுரை ஜங்ஷனை ஒட்டி இருப்பதால் வண்டி வேகம் குறைவு. பாதை ஏறக்குறைய வடக்கு–தெற்கு. காலையில் பாலத்துக்குக் கிழக்கே கரைச் சாலையிலும், மாலையில் மேற்கேயும் நின்றால் வெளிச்சம் வேகன் பக்கவாட்டில் விழும்.

எங்கள் ஓட்டு கொடைக்கானல் ரோடு – அம்பாத்துரை பகுதிக்கு. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடர். மாலை நாலரைக்கு மேல் பாதைக்கு மேற்கே ரயில்வே எல்லைக்கு வெளியே நின்றால், வெயில் வண்டி முகத்தில் விழ, பின்னால் சிறுமலை நிற்கும். காலையில் கிழக்கே மாறிக்கொள்ளுங்கள்.

நடுப்பகலை விட்டுவிடுங்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் வரும். வேகனின் பக்கம் முழுக்க நிழலாகி, எண் படிக்க முடியாது. போதாததற்கு ஜல்லியிலிருந்து எழும் கானல், ஜூம் லென்ஸில் எல்லாவற்றையும் நெளிய வைக்கும். அதை எந்த விலை லென்ஸும் சரிசெய்யாது.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். வேகன் எழுத்து தெளிவாக வருவதில்லை, சில சமயம் வேகனே சாய்ந்து தெரிகிறது. – வாடிப்பட்டி வாசகர்

பதில்: சாய்வது போனின் குணம். அதன் சென்சார் படத்தை மொத்தமாகப் பிடிக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் வேகன் நகர்ந்துவிடுகிறது. மிக அருகில், நேர் பக்கவாட்டில் நின்றால் அதிகம் தெரியும். பின்னால் தள்ளி, வண்டி வரும் திசையை நோக்கிக் கொஞ்சம் சாய்வாக எடுத்தால் குறையும்.

தெளிவுக்குக் கணக்கு இது: 75 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு சுமார் 21 மீட்டர் போகிறது. ஷட்டர் 1/500 என்றால் அந்த நேரத்தில் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், எழுத்து கலங்கும். 1/1000 வைத்தால் 2 சென்டிமீட்டர். போனின் புரோ முறையில் ஷட்டரை 1/1000க்குப் பூட்டி, ஐஎஸ்ஓவைத் தானாக விடுங்கள். ஹெட்லைட்டைப் பார்த்து போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். வண்டி வருவதற்கு முன்பே எதிரே உள்ள ஜல்லியையோ கம்பத்தையோ தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள்.

வீடியோ எடுத்தால் கை அசையாமல் எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கட்டும். 58 பாக்ஸ்என், ஒன்று 10.7 மீட்டர், என்ஜினும் கார்டு பெட்டியும் சேர்த்து சுமார் 650 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 39 நொடி. பாதியில் கையை இறக்கினால் கடைசிப் பெட்டியில், வண்டி இத்தோடு முடிந்தது என்று காட்டும் எல்வி பலகை விட்டுப்போகும்.

கேள்வி: சிமென்ட் சைடிங்கில் எடுத்தபின் லென்ஸில் வெள்ளைப் படலம். துணியால் துடைத்தேன், கோடு விழுந்துவிட்டது. – அருப்புக்கோட்டை வாசகர்

பதில்: சிமென்ட் தூசியைத் துடைக்கவே கூடாது. அரத்தூள் மாதிரி கண்ணாடியைக் கீறும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு, சுண்ணாம்புச் சத்து இறுகி ஒட்டிக்கொள்ளும். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு மெல்லிய தூரிகை. துகள் எதுவும் இல்லை என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே லென்ஸ் துணி. அடுத்த முறை முன்னால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். லோடிங் நடக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், லென்ஸ் மாற்றும் வேலையை ஆலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.