கீழாநெல்லியில் எது எது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மழைக்குப் பிறகு எங்கள் கொல்லை முழுக்கக் கீழாநெல்லி. சில செடிகளுக்குத் தண்டு பச்சை, சிலவற்றுக்குச் சிவப்பு. வயல் வரப்பில் இருப்பதற்கு இலை கொஞ்சம் கூர்மை. எல்லாவற்றிலும் காய் இலைக்கு அடியில்தான் இருக்கிறது. கைபேசிச் செயலியோ மூன்றையும் ஃபில்லாந்தஸ் நிருரி என்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

செயலி சொன்ன பெயரை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழைய தாவர நூல்கள் நம் ஊர்ச் செடிகளுக்கும் அந்தப் பெயரையே போட்டுவிட்டதால் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது. உங்கள் பக்கத்தில் இருக்கக்கூடியவை ஃபில்லாந்தஸ் பேரினத்தின் மூன்று இனங்கள்: கீழாநெல்லியான அமாரஸ், சிவப்புக் கீழாநெல்லியான யூரினேரியா, டெபிலிஸ்.

தண்டின் நிறத்தை நம்ப வேண்டாம். நல்ல வெயிலில் நின்றால் அமாரஸின் தண்டும் சிவக்கும். காய் அடியில் இருப்பதும் மூன்றுக்கும் பொது.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். காலையில் பாருங்கள், மாலையில் இலைகள் மூடிக்கொள்ளும், பறித்த செடியிலும் சீக்கிரமே மூடிவிடும். பூவும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும் கிளையாக எடுங்கள். புளிய இலை போலத் தெரிவது உண்மையில் ஒரு சிறுகிளை. அதனால்தான் ஒவ்வொரு இலையின் அடியிலும் பூ வருகிறது.

முதலில் காய். யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, முண்டுமுண்டாக இருக்கும். காம்பு இல்லையென்றே சொல்லலாம். இலை விளிம்பில் குட்டையான விறைத்த மயிர் உண்டு, விரலால் தடவினால் தெரியும். மற்ற இரண்டின் காயும் வழவழப்பு. சிவப்புச் செடி பற்றிய சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

சிரமம் அமாரஸையும் டெபிலிஸையும் பிரிப்பதில்தான். காயைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் புல்லி இதழ்கள் (பூவின் வெளிச்சுற்று இதழ்கள்) உதிராமல் ஒட்டியிருக்கும். ஐந்து என்றால் அமாரஸ், ஆறு என்றால் டெபிலிஸ். எப்போதாவது ஒரு காயில் எண்ணிக்கை மாறும், அதனால் நான்கைந்து காய்களிலாவது எண்ண வேண்டும்.

பிறகு பூக்களின் வரிசை. அமாரஸில் பெரும்பாலான இலைக்கணுக்களில் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் ஜோடியாக இருக்கும். டெபிலிஸில் சிறுகிளையின் அடிப்பக்கக் கணுக்களில் ஆண்பூக்கள், நுனிப்பக்கத்தில் தனித்தனிப் பெண்பூக்கள். யூரினேரியாவில் இது தலைகீழ்: அடியில் பெண், நுனியில் ஆண். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அமாரஸின் ஆண்பூ மலர்ந்ததும் உதிர்ந்துவிடும். முற்றிய கிளையில் காய் மட்டும் தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஜோடி இல்லை, ஆகவே டெபிலிஸ் என்று முடிவுகட்டுகிறார்கள். செடியின் மேல்பகுதியில் உள்ள இளம் சிறுகிளைகளைப் பார்த்தால் ஜோடி கண்ணில் படும்.

இலையைக் கடைசியில் துணைச் சான்றாக வையுங்கள். அமாரஸுக்கு நுனி மழுங்கியது. டெபிலிஸ் இலை இரு முனையிலும் குறுகும். உங்கள் வரப்புச் செடி டெபிலிஸாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

விதை இன்னும் உறுதியான சாட்சி. ஆனால் காய் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். காயோடு சிறுகிளையைக் காகித உறையில் போட்டு மூடி, இரண்டு நாள் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஒரு காயில் பொதுவாக ஆறு விதை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. முதுகில் நீளவாக்கில் வரி ஓடினால் அமாரஸ் அல்லது டெபிலிஸ். குறுக்குவாக்கில் வரி இருந்தால் யூரினேரியா, ஐயமே வேண்டாம்.

கரிசலிலும் காய்ந்த மேட்டிலும் இதே பேரினத்தைச் சேர்ந்த மேலாநெல்லி வரும். அதற்கு இந்தச் சிறுகிளை அமைப்பே கிடையாது. இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், எல்லாவற்றையும் ஒரே மருந்தாகப் பறித்து அரைக்கிறோம். ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் மருத்துவ இதழில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கு அமாரஸ் பலன் தந்ததாக எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறாக இருந்திருக்கலாம் என்பதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. காமாலை என்றால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படம் அனுப்புவதானால் செடியை மேலிருந்து எடுக்காதீர்கள். சிறுகிளையின் அடிப்பக்கம், திருப்பிய காய், வெள்ளைத்தாளில் விதை, இந்த மூன்றும் வேண்டும்.