பேர் மாறினால் பாமினி ஓடுமா?

கேள்வி: மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் விண்டோஸ் 10. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், கோரல் டிரா ப்ரோக்ராம்கள், பாமினி என்ற தமிழ் ஃபான்ட், இவைதான் பிழைப்பு. காலேஜ் படிக்கும் பையன், “இனிமே போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே ஓஎஸ்தான்ப்பா, கூகுள் ரெண்டையும் சேர்க்குது, மூணையும் வித்துட்டு டேப் வாங்கலாம்” என்கிறான். அவனுடைய ஐபேட் ஒரே ராத்திரியில் 18-இலிருந்து 26-க்குத் தாவியதையும் காட்டுகிறான். டைப் செய்யும் அக்காவோ ஸ்டார்ட் பட்டன் இடம் மாறினாலே கை ஓடாது என்கிறார். தை முகூர்த்தத்துக்கு முன்னால் மாற்றலாமா, பிறகா, வேண்டவே வேண்டாமா?

பதில்: தை முகூர்த்த ஆர்டர் கையில் இருக்கும்போது எந்தக் கம்ப்யூட்டரையும் தொடாதீர்கள். விற்கவும் வேண்டாம். ஆனால் விண்டோஸ் 10-ஐ இப்படியே எத்தனை வருஷத்துக்கும் ஓட்டலாம் என்று இருந்துவிடவும் முடியாது.

பையன் சொல்வதில் மூன்று சங்கதி ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கடை போர்டை மாற்றுவது ஒன்று, ஷோகேஸை மாற்றுவது இன்னொன்று, உள்ளே ஓடும் மிஷினை மாற்றுவது வேறொன்று. ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரையும் போனையும் இயக்கும் அடிப்படை மென்பொருள், செய்யும் கம்பெனிகள் மூன்றையும் ஒரே விளம்பரத்தில் சொல்லிவிடுவார்கள். உங்கள் கல்லாவைத் தொடுவது மூன்றாவதுதான்.

ஐபேட் 26-க்குப் போனது போர்டு மாற்றம். 2025 செப்டம்பரில் ஆப்பிள் தன் எல்லா ஓஎஸ்ஸுக்கும் வருஷக் கணக்கில் ஒரே எண்ணை வைத்தது. ஐபோன், ஐபேட் 18-இலிருந்தும், மேக் 15-இலிருந்தும் நேராக 26. இடையில் இருக்கும் எண்கள் வரவே இல்லை, பையன் எதையும் தவறவிடவில்லை. ஆப்பிளுக்கு இது பழக்கம்தான்: ‘ஐபோன் ஓஎஸ்’ 2010-இல் ‘ஐஓஎஸ்’ ஆனது, ‘ஓஎஸ் எக்ஸ்’ 2016-இல் ‘மேக்ஓஎஸ்’ ஆனது. கண்ணாடி மாதிரி மினுங்கும் புதுத் தோற்றம் ஷோகேஸ் மாற்றம். அதைத் திட்டியவர்களும் உண்டு, ரசித்தவர்களும் உண்டு. ஐபோன், ஐபேட் ஓஎஸ்ஸையும் மேக் ஓஎஸ்ஸையும் ஆப்பிள் ஒன்றாக்குகிறதா என்று 2018-இலேயே கேள்வி எழுந்து, மேடையிலேயே ‘இல்லை’ என்று பதில் சொன்னார்கள். இப்போது ஐபேடில் விண்டோவும் மெனு பாரும் வந்தாயிற்று. ஆனாலும் மேக் ப்ரோக்ராம் எதுவும் ஐபேடில் ஏறாது.

மிஷினையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2012-ஐப் பாருங்கள். அந்த அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டு, தொடுதிரைக்கு ஏற்ற சதுரக் கட்டங்களைத் திரை முழுக்கப் பரப்பினார்கள். மவுஸ் பிடிப்பவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு வருஷத்தில் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. மெனு ஒழுங்காக வர 2015-இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் நினைவில் நிற்பது இந்தச் சண்டைதான்; நிஜமாகப் பணம் போனது வேறு இடத்தில். அதே சமயத்தில் ‘விண்டோஸ் ஆர்டி’ என்று ஒன்று டேப்களில் வந்தது. பார்க்க அதே விண்டோஸ், அதே டெஸ்க்டாப். உள்ளே இருந்தது போன்களில் போடும் ஏஆர்எம் வகைச் சிப். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய சிடியைப் போட்டால் ஒரு ப்ரோக்ராமும் இன்ஸ்டால் ஆகவில்லை. தேங்கிப்போன அந்தச் சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 2013-இல் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே தோற்றம் என்று கிளம்பிய, லினக்ஸ் வகை ஓஎஸ்ஸான உபுண்டுவும் 2017 ஏப்ரலில் அந்த முயற்சியைக் கைவிட்டது.

கூகுள் விஷயம் உண்மைதான். குரோம் ஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் ஒரே தளமாக்குகிறோம் என்று 2025-இல் அவர்களே சொல்லிவிட்டார்கள். குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி அது. உங்கள் பேஜ்மேக்கர் குரோம் ஓஎஸ்ஸிலும் ஓடவில்லை, ஆண்ட்ராய்டிலும் ஓடவில்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஓடிவிடாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல், அதுவும் விண்டோஸுக்கும் பழைய மேக்குக்கும்தான். முழுக் கோரல் டிராவும் விண்டோஸ், மேக் இரண்டுக்கு மட்டுமே.

அடுத்த தடை பிரிண்டர். கேனான் எல்பிபி 2900 மாதிரிப் பழைய லேசர் உங்கள் கடையில் இருக்கலாம், மதுரையில் பாதிக் கடையில் அதுதான் ஓடுகிறது. அந்த வகைப் பிரிண்டருக்குப் பக்கத்தைத் தானாக வரையத் தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், வரைந்து அனுப்பினால்தான் அச்சாகும். டேபில் கேபிளைச் செருகினால் ஒரு புள்ளிகூட விழாது. போனை மானிட்டரில் மாட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யலாம் என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் எல்லாப் போனுக்கும் பொருந்தாது. சாம்சங் எஸ் வரிசை மாதிரி, சார்ஜ் போடும் சி டைப் துளை வழியாகப் படமும் அனுப்பக்கூடிய மாடல்களில்தான் அது நடக்கும். விலை குறைந்த போன்களில் அதே வடிவத் துளை இருக்கும், படம் வராது.

டேப் வேண்டாம், புது லேப்டாப் வாங்கலாம் என்று தோன்றினாலும் ஒரு எச்சரிக்கை. ‘ஸ்னாப்டிராகன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் கடைகளில் இருக்கின்றன. சார்ஜ் நன்றாக நிற்கும், பழைய ப்ரோக்ராம்களையும் பெரும்பாலும் ஓட்டிவிடும். ஆனால் அதுவும் ஏஆர்எம் சிப்தான். பழைய டிரைவர் ஏறாது. உங்கள் பிரிண்டரும், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்குச் செருகும் டாங்கிளும் அங்கேயே நின்றுவிடும். கல்லூரிப் பிள்ளைக்கு அது நல்ல லேப்டாப். உங்கள் கடைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி போதும்.

இப்போது மூன்று கம்ப்யூட்டரின் ஜாதகத்தைப் பார்க்கலாம். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். 22எச்2 என்று வர வேண்டும். அதுதான் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு. பழையதாக இருந்தால் முதலில் அதற்கு ஏற்றுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அங்கே புராசசர் வரியில் ஐ3-7100 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் முதல் எண் 7, அதாவது ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது எட்டு வேண்டும், ஐ3-8100 தேறிவிடும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் 4 ஜிபி ராமும் கேட்கும். 4 என்பது பேச்சுக்கு, கோரலைத் திறந்துவைத்து வேலை செய்ய 8 போடுங்கள். அதே பக்கத்தில் சிஸ்டம் டைப் 32 பிட் என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான், 32 பிட் டிரைவர் எதுவும் அதில் வேலைக்கு ஆகாது. சில பழைய ப்ரோக்ராம்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருக்கும். சிடி சுற்றும், ஒன்றும் நடக்காது.

தேறாத மிஷினிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. சோதனையைத் தாண்டிப் போட முடியும், அது பொய்யில்லை. ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கோர் 2 டுவோ காலத்து மிஷின் என்றால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்கூட ஆகாது.

விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கம்ப்யூட்டர் நின்றுபோகாது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் நின்றுபோகும். 2026 அக்டோபர் 13 வரை அதை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே கணக்கு போதும். இந்த வாரமே செய்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

மாற்றத்தை எப்போது வைத்துக்கொள்வது? மார்கழியில் கல்யாணம் இல்லை, கடை சும்மா இருக்கும் என்பது வெளியில் இருந்து பார்ப்பவர் கணக்கு. தைக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதே அப்போதுதான். ஆடி முதல் பத்து நாள் பாருங்கள்: ஆனி முடிந்திருக்கும், ஆவணி ஆர்டர் சூடு பிடித்திருக்காது, அக்டோபர் கெடுவும் தாண்டியிருக்காது.

அதுவும் மூன்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, போன வருஷத்து ஆர்டர் ஒன்றை எடுத்து, ஃபைலைத் திறப்பதில் தொடங்கி அட்டையில் அச்சாகி வருவது வரை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது இரண்டு இடத்தில்.

முதலாவது, ஃபான்ட். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தோம், பாதி ஃபான்ட்டைக் காணோம் என்பார்கள். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் ஃபான்ட்டை டபுள் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால், அது விண்டோஸுக்குள் இருக்கும் பொது ஃபோல்டருக்குப் போகாமல் அந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு இடத்திலிருந்தும் காப்பி எடுங்கள். புது மிஷினில் ஃபான்ட் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். சில பழைய ப்ரோக்ராம்களுக்குப் பொது ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, காகித அளவு. விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரில் நீங்கள் உருவாக்கி வைத்த பத்திரிகை அளவுகள் இருக்காது, ஏ4-க்குப் பதில் லெட்டர் என்றும் நிற்கலாம். ஏ4 210-க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 216-க்கு 279. பிள்ளையார் சுழி மேலே வெட்டுப்பட்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அளவுகளை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரிண்டர் செட்டிங்ஸில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதற்கே வேலை போகும்.

அக்காவின் கோபத்தைப் பழமை விரும்பி என்று ஒதுக்காதீர்கள். நாளைக்கு நூறு முறை போகும் இடத்துக்குக் கை தானாகப் போக வேண்டும், நின்று தேடினால் வேலை பாழ். நல்லவேளையாக விண்டோஸ் 11-இல் இதைச் சரி செய்யலாம். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதற்குள் டாஸ்க்பார் அலைன்மென்டை ‘லெஃப்ட்’ ஆக்கினால் ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துவிடும். ரைட் கிளிக் மெனு சுருங்கிவிட்டது என்பார். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய நீள மெனு வரும்.

விண்டோஸ் 10-இலேயே நிறுத்தும் ஒரு கம்ப்யூட்டரை, பேஜ்மேக்கருக்கென்று, இன்டர்நெட் இணைப்பில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பும் மெயிலும் மற்ற இரண்டில். சிவகாசிக்கு அனுப்பும் கோரல் ஃபைலில் கண்ட்ரோல், க்யூ அழுத்தி எழுத்தைக் கர்வ், அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம், ஆக்கி அனுப்புங்கள். ஆக்காத காப்பி ஒன்று உங்களிடம் இருக்கட்டும், நாளைக்கு மண்டபம் மாறினால் அதில்தான் திருத்த முடியும். டேப் வாங்கினாலும் வீண் இல்லை, கவுன்டரில் ப்ரூஃப் காட்ட அதைவிட வசதி கிடையாது.

இனி பாமினி. போனும் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இடம் ஒன்று உண்டு, யூனிகோடு: எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும். பாமினியில் நீங்கள் அடிக்கும் ‘தமிழ்’ கம்ப்யூட்டருக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். ஃபான்ட்டை எடுத்துவிட்டால் தமிழே இல்லை. கமா அடிக்கும் கீயில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் மாற்றிய ஃபைல்களில் ‘மதுரைஇ திருமங்கலம்இ’ என்று வருகிறது. எந்த ஓஎஸ் வந்தாலும் போனாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும். புது ஆர்டர்களை, பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில், யூனிகோடு ஃபான்ட்டில் செய்யத் தொடங்குங்கள். அதில் பாராகிராஃப் செட்டிங்கில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும்.

பழைய பாமினி ஃபைல்களை கன்வர்ட்டரில் போட்டு மாற்றும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை; கொம்பும் ‘ள’வும்தான். அதனால் சௌந்தரபாண்டியன், சௌராஷ்டிரா எல்லாம் ‘செள’ என்று மாறியிருக்கும், பார்த்தால் தெரியாது, தேடினால் கிடைக்காது. ‘செள’, ‘கெள’ என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்லுங்கள். கொம்பும் ‘ள’வும் வரும் இடத்தையெல்லாம் ஒரே தட்டில் ரீப்ளேஸ் ஆல் கொடுத்துவிட்டால், முகூர்த்தம் வைத்த வெள்ளிக்கிழமை ‘வௌ்ளிக்கிழமை’ ஆகிவிடும்.