நல்ல ஆள் கிடைக்கவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு தொழில் நடத்துவோர் ஆள் சேர்ப்பதில் படும் சிரமங்களைப் பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்லியிருந்தன. ஆகவே ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஆறு கேள்விகளாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான்கு பேர் வேலை செய்யும் அச்சகம் நடத்துகிறேன். வாடிக்கையாளரிடம் ஆர்டர் வாங்கிக் குறித்துக்கொள்ளும் மேசைக்கு ஒன்றரை ஆண்டில் மூன்று பேரை மாற்றிவிட்டேன். மூவருமே நேர்காணலில் நன்றாகப் பேசினார்கள். வேலையில் இறங்கியதும் ஒருவர் தாளின் அளவைத் தவறாகக் குறித்தார். இன்னொருவர் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தார். மூன்றாமவர் சொல்லாமலே நின்றுவிட்டார். எனக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லையா?

பதில்: முதலில் ஆளை விட்டுவிட்டு அந்த மேசையைப் பாருங்கள். ஒருவர் சரிப்படவில்லை என்றால் அவரிடம் குறை இருக்கலாம். மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், தரையில் ஏதோ இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். அந்த மேசையில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்னென்ன செய்கிறார் என்பதை ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். தொலைபேசி எடுப்பது, அளவும் எண்ணிக்கையும் பிழையின்றிக் குறிப்பது, மெய்ப்பைக் காட்டி ஒப்புதல் வாங்குவது, பழைய பாக்கியைக் கேட்பது என்று எல்லாமே அவர் தலையில் இருந்தால், அது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. பாக்கியைக் கறாராகக் கேட்கத் தெரிந்தவரும், புதிதாக வருபவரிடம் பத்து முறை பொறுமையாக விளக்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. பாக்கி கேட்பதை நீங்களே வைத்துக்கொண்டால்கூட அந்த நாற்காலி பாதி எளிதாகிவிடும்.

அடுத்தது நேர்காணல். எதிரே உட்கார வைத்து மனம்போன போக்கில் அரை மணி நேரம் பேசிவிட்டு, 'ஆள் சரியாக இருப்பார் என்று தோன்றுகிறது' என்று முடிவெடுப்பதில் நம் எல்லோருக்கும் அளவுகடந்த நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் மாணவர்கள் சிலர், வேறு மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்கள் அடுத்து எவ்வளவு மதிப்பெண் எடுப்பார்கள் என்று கணிக்க வேண்டும். சில நேர்காணல்களில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு, எதிரே இருந்தவர் உண்மையைச் சொல்லாமல் முன்பே வகுத்த ஒரு குருட்டு முறைப்படி பதில் சொன்னார். கேட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை. அந்தப் பதில்களை வைத்தும் 'இவரைப் புரிந்துகொண்டேன்' என்றே எண்ணினார்கள். நேர்காணல் இல்லாமல் பழைய மதிப்பெண் போன்ற விவரங்களை மட்டும் பார்த்துச் செய்த கணிப்பைவிட, நேர்காணலும் செய்து சொன்ன கணிப்பு மோசமாகவே இருந்தது. ஆகவே உங்களுக்கு மட்டும் எடைபோடத் தெரியவில்லை என்று வருந்த வேண்டாம். வெறும் பேச்சை வைத்து யாராலும் சரியாக எடைபோட முடிவதில்லை.

அதற்காக நேர்காணலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பால் சாக்கெட் முதலிய ஆய்வாளர்கள், ஆள் தேர்வு பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். தேர்வில் பெற்ற மதிப்பீடும் பின்னாளில் வேலையில் காட்டிய திறமையும் முற்றிலும் ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லை என்றால் 0 என்று வைத்துக்கொண்டால், மனம்போன போக்கிலான நேர்காணல் 0.19 பெற்றது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்தில் நின்றது. செலவு ஒன்றும் கூடவில்லை; முன்கூட்டியே ஒரு தாளில் ஆறு கேள்விகளை எழுதிவைக்கும் சிரமம்தான்.

உங்கள் மேசைக்கு நான் எழுதும் கேள்வி இப்படி இருக்கும்: "நீங்கள் தவறு செய்யாத ஒன்றுக்காக ஒருவர் உங்களிடம் கோபப்பட்ட சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள், என்ன பேசினீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று?" 'கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்று கேட்டால் எல்லோரும் 'பொறுமையாக' என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் அவ்வளவு எளிதில் புனைய முடியாது. இடையில் நிறுத்தி 'பிறகு?' என்று கேட்டால் உண்மையின் விவரங்கள் வரும், அல்லது வராது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே ஐந்துக்கு இத்தனை என்று போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கடைசியில் போட்டால், முதலில் பிடித்துப்போன ஒரு குணம் மற்ற எல்லா மதிப்பெண்களையும் உயர்த்திவிடும். இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் இதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே கண்டு எழுதினார்: ஒருவருக்குத் தோற்றத்தில் அதிக மதிப்பெண் போட்டவர்கள், அறிவிலும் தலைமைப் பண்பிலும் அவருக்கே அதிகமாகப் போட்டிருந்தார்கள்.

இவற்றோடு ஒரு மாதிரி வேலையும் கொடுங்கள். நீங்களே வாடிக்கையாளராக நடித்து, இரண்டாயிரம் துண்டறிக்கை வேண்டும் என்று ஆரம்பித்து, நடுவில் அளவை மாற்றி, நாளைச் சொல்லாமல் மறந்துவிடுங்கள். அவர் நாளைக் கேட்கிறாரா, மாற்றிய அளவைத் திரும்பப் படித்துக் காட்டுகிறாரா என்பதைப் பாருங்கள். இருபது நிமிடத்தில் முடியும். அரை நாள் அல்லது ஒரு நாள் செய்து பார்க்கச் சொல்வதானால் அதற்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். 'சோதனை' என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்குபவர்களை நல்ல ஆட்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இதையெல்லாம் நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தொழில் நடத்திய காலத்தில், பேச்சில் என்னை மயக்கிய ஒருவரைப் பத்தே நிமிடத்தில் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு உண்மையிலேயே பேச்சு அபாரமாக வந்தது. சரக்கு இருப்புப் பதிவேட்டை எழுதுவதுதான் வேலை என்பதை நான் ஏனோ மறந்துவிட்டேன்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் தரும் சம்பளத்தை எங்களால் தர முடியாது. விளம்பரம் கொடுத்தால் குவியலாக விண்ணப்பம் வருகிறது, ஒன்றும் தேறுவதில்லை. தேறுகிற ஓரிருவரும் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், விளம்பரத்தில் அதை நீங்கள் போடவில்லை என்று பொருள். போட்டுவிடுங்கள், அந்தத் தொகைக்கு வரமாட்டாதவர்களோடு இரு தரப்பும் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. 'திறமையும் உற்சாகமும் உள்ளவர் தேவை' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். தன்னை உற்சாகமற்றவர் என்று கருதி விலகியவர் எவரும் இல்லை. அதற்குப் பதிலாக, முதல் ஆறு மாதத்தில் அவர் செய்து முடிக்க வேண்டியது என்ன என்று இரண்டு வாக்கியம் எழுதினால், குவியல் தானாகவே சிறுக்கும்.

வேலையின் கசப்பான பகுதியையும் சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்ற பயம் இயல்பானது. ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி இணைப்பக வேலைக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வேலையின் சலிப்பையும் கண்டிப்பையும் உள்ளபடி காட்டும் படமும், மற்றவர்களுக்கு வழக்கமான கவர்ச்சிப் படமும் காட்டப்பட்டன. உண்மையைப் பார்த்தவர்கள் அதனால் பின்வாங்கிவிடவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு அவர்களிடம் விலகும் எண்ணமும் குறைவாகவே இருந்தது.

சம்பளத்தில் தோற்கிறவர் வேறு எதில் ஜெயிக்கலாம் என்பதை யோசிக்க வேண்டும். பெரிய இடத்தில் பதில் வர மூன்று வாரம் ஆகும். நீங்கள் நேர்காணல் முடிந்த மறுநாளே சொல்லலாம். நேரத்தை வளைத்துக் கொடுக்கலாம். தொழிலின் எல்லாப் பகுதியையும் கற்றுத் தரலாம். ஆனால் 'இங்கே நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பள உயர்வு கேட்க வேண்டாம் என்பதைத்தான் முதலாளிகள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது வேலைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: தெரிந்தவர்கள் சொல்லும் ஆளைச் சேர்ப்பதா, முன்பின் தெரியாதவரைச் சேர்ப்பதா?

பதில்: தெரிந்தவர் சொல்லும் ஆள் நல்ல தொடக்கம்தான், ஆனால் எந்தத் 'தெரிந்தவர்' என்பதில் விஷயம் இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், அறிமுகங்கள் வழியாக வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் எழுதினார்: தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு அது எப்போதாவது பார்க்கிற பழைய சக ஊழியர் போன்றவரிடமிருந்து வந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவர்களே. தூரத்து அறிமுகம்தான் புதிய வட்டத்தைத் திறக்கிறது. ஆகவே சரக்கு கொண்டுவருபவர், பழைய வாடிக்கையாளர், உங்களிடமிருந்து நல்லபடியாக விலகிப்போன ஊழியர் ஆகியோரிடம் சொல்லிவையுங்கள். 'யாராவது ஆள் இருக்கிறார்களா?' என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன வேலைக்கு என்று கேளுங்கள்.

உறவினர் விஷயத்தில் எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய நாள் வந்தால் உங்களால் நிறுத்த முடியுமா? முடியாது என்றால் சேர்க்க வேண்டாம். யார் சொல்லி வந்தாலும் அதே ஆறு கேள்விகளும் அதே மாதிரி வேலையும் உண்டு.

கேள்வி: அனுபவம் உள்ளவரை எடுப்பதா, புதியவரை எடுத்துப் பழக்குவதா?

பதில்: பழக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லாவிட்டால் புதியவரை எடுத்து அவரைத் திண்டாட விடுவது பாவம். மற்றபடி, எத்தனை ஆண்டு என்ற கணக்குக்கு நாம் தரும் மதிப்பு மிகை. சிலருக்குப் பத்தாண்டு அனுபவம் என்பது ஓராண்டு அனுபவத்தைப் பத்து முறை திரும்பச் செய்ததுதான்.

கேள்வி: எங்கள் தொழிலில் பங்குதாரராக இருப்பவர், பெண்கள் திருமணமானதும் நின்றுவிடுவார்கள் என்று அவர்களின் விண்ணப்பங்களையே ஒதுக்கிவிடுகிறார். நான் என்ன சொல்லி அவரை மாற்றுவது?

பதில்: அறம் பேசி அவரை மாற்ற முடியும் என்று தோன்றவில்லை, கணக்கைப் பேசிப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே, வந்த விண்ணப்பங்களில் பாதியைப் படிக்காமல் தள்ளுவது வியாபாரத்திற்கே நல்லதல்ல. கடந்த ஐந்தாண்டில் உங்களிடமிருந்து விலகியவர்களின் பட்டியலை எடுத்து, எத்தனை பேர் ஆண்கள் என்று அவருடன் உட்கார்ந்து எண்ணுங்கள். பல நாடுகளில் இப்படி ஒதுக்குவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டலாம்.

இது அவருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு, ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, வெள்ளையருக்குரிய பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தவருக்குரிய பெயர் தாங்கியவற்றைவிட 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் பலரும் தங்களை நடுநிலையாளர் என்றே நம்பியிருப்பார்கள். ஆகவே முதல் சுற்றில் பெயர், வயது, புகைப்படம் இருக்கும் பகுதியை வேறொருவரை விட்டு மறைக்கச் செய்துவிட்டு, இருவரும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். பிறகு ஒப்பிடும்போது வாக்குவாதம் மதிப்பெண்ணைப் பற்றியதாக இருக்கும்.

கேள்வி: ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இனி என்ன செய்ய வேண்டும்? போன முறை சேர்ந்தவர் இரண்டு வாரத்தில் போய்விட்டார்.

பதில்: அவர் முன்பு வேலை செய்த இடத்தில் பேசிவிடுங்கள், அதுவும் அவருடைய சம்மதத்தோடு. 'ஆள் எப்படி?' என்று கேட்டால் 'நல்ல ஆள்' என்ற பதில்தான் வரும். 'மறுபடி வாய்ப்பு வந்தால் அவரைச் சேர்த்துக்கொள்வீர்களா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன் வருகிற மௌனத்தைக் கவனியுங்கள். சம்பளம், நேரம், விடுப்பு, தகுதிகாண் காலம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டு வாரத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் வேலையை வெறுத்துப் போவதில்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து உட்கார்ந்து போகிறார்கள். முதல் நாள் காலையில் அவருக்கு மேசை, கணினிக் கடவுச்சொல், அன்று மாலைக்குள் முடிக்கக்கூடிய ஒரு சிறிய வேலை, கேள்வி கேட்க ஒரு மனிதர் ஆகிய நான்கும் தயாராக இருக்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கி, 'நாங்கள் சொன்னதற்கும் இங்கே இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?' என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்றையும் அதே வாரத்தில் செய்துவிடுங்கள். தேர்வாகாதவர்களுக்குப் பதில் எழுதுங்கள். இரண்டாம் இடத்தில் வந்தவரிடம் தொலைபேசியில் பேசி, நூலிழையில்தான் தவறியது என்பதைச் சொல்லுங்கள். நான் அப்படிப் பேசிய ஒருவர் எட்டு மாதம் கழித்து, இன்னும் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அப்போது இருந்தது. விளம்பரமே கொடுக்காமல் அந்த இடத்தை அவரைக் கொண்டு நிரப்பினேன்.