உடம்பின் எதிர்ப்பு செல்களை வைத்தே புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்பது உண்மையா? சென்னையில் செய்கிறார்களா?

உண்மைதான். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் இல்லை. வீட்டில் யாருக்கோ முடியாமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் எங்கள் கதையைச் சொல்கிறேன்.

2022இல் அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. அம்மா கீமோவைத் தாங்குவாரா என்று பயந்துகொண்டிருந்தபோது சொந்தக்காரர் ஒருவர் இங்கே ஒரு கிளினிக்கைச் சொன்னார். ரத்தம் எடுத்து, எதிர்ப்பு செல்களை லேபில் பெருக்கித் திரும்ப ஏற்றுவோம், பக்கவிளைவே கிடையாது என்றார்கள். குரோம்பேட்டை வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஆறு லட்சம் கட்டினேன். கீமோவை இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. நான்காவது மாதம் அம்மா போய்விட்டார்.

படித்தவன் இப்படி ஏமாறலாமா என்று கேட்க வருவீர்கள். அம்மா ஒரு வாய் கஞ்சி இறங்காமல் கிடக்கும்போது யார் என்ன சொன்னாலும் கேட்கத் தோன்றும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். எதிர்ப்பு செல்களை வைத்து உண்மையிலேயே செய்வது கார் டி செல் சிகிச்சை; அதில் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் மரபணுவையே மாற்றுகிறார்கள். உதாரணமாக, சிடி19 என்ற புரதம் இருக்கும் செல்லைக் கண்டுபிடித்து அவை தாக்கும். அந்தப் புரதம் இருப்பது பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் மேல். அதனால் சில வகை ரத்தப் புற்றுநோய்க்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும்தான், அதுவும் மற்ற சிகிச்சைக்கு அடங்காவிட்டால் அல்லது அதற்குப் பிறகு திரும்பி வந்தால். ஐஐடி பாம்பேயும் மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார் டி செல் சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் 3, 4 கோடி ஆவது இங்கே 30, 40 லட்சத்தில் முடிகிறது. கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, மனக்குழப்பம் எல்லாம் வரலாம், ஐசியு தயாராக இருக்க வேண்டும். பக்கவிளைவே இல்லை என்றபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. டி செல்களைக் கட்டிப்போடும் தடையை நீக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்ததற்காக 2018இல் அலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் நோபல் வாங்கினார்கள். இரைப்பைப் புற்றுநோயிலும் சிலருக்கு அவை பயன்படுகின்றன. அம்மாவின் பயாப்சி திசுவில் அதற்கான சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்கக்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

   

சரி, உங்கள் விஷயம். நான் டாக்டர் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் பி செல் என்று இருந்தால் சென்னையிலேயே ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள். வேறு எந்தப் புற்றுநோயாக இருந்தாலும், பணம் கட்டும் முன் இந்தச் சிகிச்சைக்கு எந்த நோய்க்கு அரசு அனுமதி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். நடக்கும் கீமோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.